வீட்டிலேயே உருவாக்கலாம் ஒரு கம்ப்யூட்டர் மொழி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசை. எந்த மொழியில் தொடங்குவது?" சி என்பார் ஒருவர், ஜாவா என்பார் இன்னொருவர், பைத்தான் என்பார் மூன்றாமவர். நான் வேறொரு பதில் சொல்லப் போகிறேன். ஏதாவது ஒரு மொழியைக் கற்கத் தொடங்குங்கள். கூடவே, சின்னதாக ஒரு மொழியை நீங்களே உருவாக்கிப் பாருங்கள்.

"மொழியை உருவாக்குவதா? அது பெரிய கம்பெனிகள் செய்கிற வேலை அல்லவா?" என்று தோன்றலாம். இன்று உலகம் முழுவதும் பயன்படுகிற பைத்தான் எப்படிப் பிறந்தது தெரியுமா? நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராஸம் என்பவர் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது அது. 1991இல் வெளியிட்டார். தனி ஒருவரின் விடுமுறை வேலைதான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது.

நாம் பைத்தானுக்குப் போட்டியாக எதையும் செய்யப் போவதில்லை. நம் நோக்கம் வேறு. தேனி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கும் மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது: "எனக்கு இங்கிலீஷ் வராது அண்ணா, அதனால் புரோகிராமிங்கும் வராது." இதில் இரண்டு கஷ்டங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று இங்கிலீஷ். மற்றொன்று புரோகிராமிங். கட்டளைகள் எல்லாம் தமிழிலேயே இருக்கும் ஒரு மொழியை நாமே செய்து பார்த்தால் முதல் கஷ்டம் விலகிவிடும். மிச்சம் இருப்பது எதுவோ, அதுதான் உண்மையான புரோகிராமிங். அது எவ்வளவு கடினம், எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தின் பெரும்பகுதிக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

புரோகிராமிங் மொழி என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கு எண்களைத் தவிர வேறு எதுவும் புரியாது. நாம் எழுதும் சொற்களை அதற்குப் புரியும்படி மாற்றித் தர நடுவில் ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை கம்பைலர். ஒரு புத்தகத்தை முழுவதுமாக மொழிபெயர்த்து, அச்சடித்துக் கையில் தருவது போன்றது இது. இரண்டாவது வகை இன்டர்பிரிட்டர். அரசியல் மேடையில் டில்லித் தலைவர் ஒரு வாக்கியம் பேசுவார், பக்கத்தில் நிற்பவர் உடனே அதைத் தமிழில் சொல்வார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த வரி சொல்வதை அப்போதே செய்து முடிப்பது இன்டர்பிரிட்டர். எழுதுவதற்குச் சுலபம் இதுதான். நாம் செய்யப் போவதும் இதுதான்.

ஆகவே "மொழியை உருவாக்குவது" என்றால் இரண்டு வேலைகள். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது ஒன்று. அந்த முடிவுகளின்படி நடந்துகொள்ளும் இன்டர்பிரிட்டரை எழுதுவது மற்றொன்று. முதல் வேலைதான் முக்கியம்.

தமிழில் முன்னோடி உண்டா?

உண்டு. "எழில்" என்ற மொழி. முத்தையா அண்ணாமலை என்பவர் 2007ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்தார். பள்ளி மாணவர்கள் தமிழிலேயே புரோகிராமிங் கற்க வேண்டும் என்பது நோக்கம். இதன் இன்டர்பிரிட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து படித்துப் பார்க்கும்படி கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டிருக்கிறார்கள். எழிலில் ஒரு சின்ன புரோகிராம் இப்படி இருக்கும்:

விலை = 1200
@( விலை > 1000 ) ஆனால்
பதிப்பி "விற்கலாம்"
இல்லை
பதிப்பி "காத்திருக்கலாம்"
முடி

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். இங்கிலீஷ் சார்ந்த மொழிகளில் "இஃப்" என்ற சொல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், "ஆனால்" என்ற சொல் பின்னால். நாம் பேசுவதும் அப்படித்தான்: "மழை வந்தால்", "விலை ஏறினால்". "ஆல்" கடைசியில்தான் ஒட்டும். சொற்களை மட்டும் தமிழாக்கினால் போதாது, வரிசையும் தமிழாக இருக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து எடுத்த முடிவு இது. இந்த யோசனையைத்தான் நாமும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

நம் மொழியின் பெயர் "ஏலம்"

நான் வீட்டில் எழுதிப் பார்த்த மொழிக்கு "ஏலம்" என்று பெயர் வைத்தேன். போடிநாயக்கனூரில் ஏலக்காயும் ஏலம்தான், அதை விற்பதும் ஏலம்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் அங்கே இருக்கிறது. எடை, விலை, தொகை என்று கணக்குப் போட அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்கவில்லை. உங்கள் மொழிக்கு உங்கள் விருப்பம்போல் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தின் விதிகள் இவ்வளவுதான்:

1. ஒரு வரிக்கு ஒரு வாக்கியம்.
2. சொற்களுக்கு நடுவே கட்டாயம் இடைவெளி வேண்டும். +, -, *, /, = போன்ற குறிகளுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும்.
3. வரியின் கடைசிச் சொல்தான் கட்டளை.
4. கட்டளைகள் மொத்தம் நான்கு: வை, காட்டு, எனில், முடி.

மூன்றாவது விதிதான் இந்த மொழியின் உயிர். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆகவே இன்டர்பிரிட்டர் ஒவ்வொரு வரியிலும் முதலில் கடைசிச் சொல்லைப் பார்க்கும். அது என்ன வேலை என்று தெரிந்ததும், முன்னால் இருக்கும் சொற்களை அதற்கேற்பப் படிக்கும்.

இதோ நமது முதல் புரோகிராம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

எடை = 50 வை
விலை = 1200 வை
தொகை = எடை * விலை வை
தொகை காட்டு

பேப்பரில் ஓட்டிப் பாருங்கள்

இப்போது நீங்கள்தான் இன்டர்பிரிட்டர். பேப்பரில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "பெட்டி" என்றும் வலப்பக்கம் "மதிப்பு" என்றும் எழுதுங்கள். இதுதான் உங்கள் மெமரி. புரோகிராமிங்கில் வேரியபிள் என்று சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

முதல் வரி. கடைசிச் சொல் "வை". ஆகவே இது பெட்டியில் போடும் வேலை. முதல் சொல் "எடை" என்பது பெட்டியின் பெயர். = குறிக்குப் பின்னால் இருப்பது 50. இடப்பக்கம் எடை, வலப்பக்கம் 50 என்று எழுதுங்கள்.

இரண்டாவது வரியும் அதேபோல. விலை, 1200.

மூன்றாவது வரி. = குறிக்குப் பின்னால் மூன்று சொற்கள் இருக்கின்றன: எடை, *, விலை. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இது எண்ணா?" ஆம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை, ஏற்கெனவே இருக்கும் பெட்டியின் பெயரா?" ஆம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது 50 * 1200 என்று ஆகிவிட்டது. பெருக்கினால் 60000. அதைத் தொகை என்ற புதிய பெட்டியில் எழுதுங்கள்.

நான்காவது வரி. கடைசிச் சொல் "காட்டு". முன்னால் இருப்பது "தொகை". பெட்டியைப் பார்த்து 60000 என்று சத்தமாகச் சொல்லுங்கள். புரோகிராம் முடிந்தது.

இவ்வளவு நேரம் நீங்கள் செய்தது நான்கு வேலைகள்தான். வரியைப் படித்தீர்கள், சொற்களாகப் பிரித்தீர்கள், கட்டளை எது என்று பார்த்தீர்கள், அதைச் செய்தீர்கள். பெரிய மொழிகளில் இந்த வேலைகளுக்குப் பெரிய பெயர்கள் உண்டு. இன்ஜினியரிங் படிக்கும்போது கம்பைலர் பாடத்தில் அந்தப் பெயர்களை எல்லாம் நான் தேர்வுக்காகப் படித்தேன். சொந்தமாக ஒன்று எழுதியபோதுதான் அவற்றுக்கு அர்த்தம் வந்தது.

எந்தக் கணக்கு முதலில்?

இனி கொஞ்சம் சிக்கலான வரி. மூட்டைக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 10 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது எவ்வளவு?

மீதி = தொகை - எடை * 10 வை

பெட்டிகளைத் திறந்தால் 60000 - 50 * 10 என்று வரும். இடமிருந்து வலமாக அப்படியே கணக்குப் போட்டால் 60000இல் 50 போக 59950. அதைப் பத்தால் பெருக்கினால் 5,99,500. விற்ற தொகையைவிடக் கையில் நிற்பது பத்து மடங்கு! சரியான விடை 59,500.

பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இன்டர்பிரிட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும். இது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரிந்த விஷயம் அல்ல, மொழியை உருவாக்குபவர் எடுக்கும் முடிவு. ஸ்மால்டாக் என்ற மொழியில் இடமிருந்து வலமாகத்தான் கணக்கு நடக்கும். ஏபிஎல் என்ற மொழியில் வலமிருந்து இடமாக நடக்கும். அவற்றை உருவாக்கியவர்கள் அப்படி முடிவு செய்தார்கள், தெளிவாக எழுதியும் வைத்தார்கள்.

ஏலத்தில் பள்ளிக்கூட விதியையே வைத்துக்கொள்வோம். அதற்கு எளிய வழி, ஒரே வரியை இரண்டு முறை படிப்பது. முதல் முறை படிக்கும்போது * , / குறிகளை மட்டும் பாருங்கள். எங்கே வருகிறதோ அங்கே இரண்டு பக்கத்து எண்களையும் சேர்த்து விடையை எழுதுங்கள். 60000 - 50 * 10 என்பது 60000 - 500 என்று சுருங்கிவிடும். இரண்டாவது முறை + , - குறிகளை மட்டும் இடமிருந்து வலமாகச் செய்யுங்கள். 59500 வந்துவிட்டது.

"தொகையைக் காட்டு" என்று எழுதினால் என்ன ஆகும்?

நம் மொழியில் "தொகை காட்டு" என்று எழுதுகிறோம். நல்ல தமிழில் "தொகையைக் காட்டு" என்றுதானே வர வேண்டும்? அப்படி எழுதினால் இன்டர்பிரிட்டர் "தொகையைக்" என்ற பெட்டியைத் தேடும். அப்படி ஒரு பெட்டி இல்லை. நின்றுவிடும்.

"ஐ" உருபையும் "க்" என்ற ஒற்றையும் வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். முயன்று பாருங்கள். "எடையை" என்பதில் "யை"யை வெட்டினால் எடை வந்துவிடும். ஆனால் "மொத்தம்" என்ற பெட்டி "மொத்தத்தை" என்று மாறுகிறது. இங்கே வெட்டினால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். "நாள்" என்று ஒரு பெட்டி வைத்தால் அது "நாளை" என்று ஆகிவிடும். நாளை என்றால் நாள் என்ற பெட்டியா, அடுத்த தினமா? மனிதர்களுக்கு இடத்தைப் பார்த்துப் புரிந்துவிடும். ஐந்தாறு விதிகள் மட்டும் தெரிந்த இன்டர்பிரிட்டருக்குப் புரியாது.

ஆகவே ஏலத்தில் வேற்றுமை உருபு கிடையாது என்று முடிவு செய்தேன். ஒரு பெட்டிக்கு ஒரே வடிவம்தான். இதில் தமிழுக்குக் குறை எதுவும் இல்லை. பேசும் மொழி எதுவானாலும், அதில் இரண்டு பொருள் வரும் இடங்களை எல்லாம் வெட்டித் தள்ளி, ஒரே பொருள் தரும் சின்னத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் புரோகிராமிங் மொழி. பைத்தானும் இங்கிலீஷ் அல்ல. இங்கிலீஷில் இருந்து எடுத்த 35 கீவேர்டுகளும் சில குறிகளும்தான். இலக்கியம் படித்த இங்கிலீஷ்காரரும் பைத்தானை முதலில் இருந்துதான் கற்க வேண்டும். இதை நம் மாணவர்கள் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

எனில், முடி: வைகை அணை உதாரணம்

கணக்குப் போடுவது மட்டும் போதாது. சூழ்நிலையைப் பார்த்து வேறு வேறு வேலை செய்ய வேண்டும். இதற்குத் தேனி மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கை. இதை ஏலத்தில் எழுதினால்:

மட்டம் = 68.7 வை
எச்சரிக்கை = 0 வை
மட்டம் >= 66 எனில்
எச்சரிக்கை = 1 வை
முடி
மட்டம் >= 68.5 எனில்
எச்சரிக்கை = 2 வை
முடி
மட்டம் >= 69 எனில்
எச்சரிக்கை = 3 வை
முடி
எச்சரிக்கை காட்டு

>= என்றால் "அதைவிட அதிகம் அல்லது அதற்குச் சமம்" என்று பொருள். "எனில்" கட்டளைக்கு இன்டர்பிரிட்டர் செய்ய வேண்டியது இது: முன்னால் இருக்கும் நிபந்தனை உண்மையா என்று பார். உண்மை என்றால் அடுத்த வரிக்குப் போ. பொய் என்றால் "முடி" வரும்வரை இடையில் உள்ள வரிகளைத் தொடாமல் தாண்டிப் போ. "முடி" என்ற வரிக்கு வந்தால் எதுவும் செய்ய வேண்டாம், கடந்து போ.

பேப்பரில் ஓட்டிப் பாருங்கள். 68.7 என்பது 66ஐ விட அதிகம். எச்சரிக்கை 1. அது 68.5ஐ விடவும் அதிகம். எச்சரிக்கைப் பெட்டியில் 1ஐ அடித்துவிட்டு 2 எழுதுங்கள். 69ஐ விட அதிகமா? இல்லை. அடுத்த வரியைத் தாண்டுங்கள். விடை 2. சரிதான்.

இப்போது வரிசையை மாற்றி, 69 அடிக்கான மூன்று வரிகளை முதலிலும் 66 அடிக்கானதைக் கடைசியிலும் எழுதி, மட்டம் 70 என்று வைத்து ஓட்டுங்கள். முதலில் 3 வரும், பிறகு 2 ஆகும், கடைசியில் 1 ஆகிவிடும். மூன்றாம் எச்சரிக்கை விட வேண்டிய நேரத்தில் முதல் எச்சரிக்கை! எல்லாச் சொற்களும் சரி, எல்லா எண்களும் சரி, எழுத்துப் பிழையும் இல்லை. வரிசை மட்டும்தான் தவறு. இங்கே சிக்கல் இங்கிலீஷில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முழுவதும் தமிழில் எழுதிய புரோகிராமும் தவறாக ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். புரோகிராமிங் என்பது அந்தப் பழக்கம்தான்.

தவறை எப்படிச் சொல்வது?

ஒருவர் "தொகை காட்டு" என்பதற்குப் பதில் "தெகை காட்டு" என்று டைப் செய்துவிட்டார். இன்டர்பிரிட்டர் என்ன செய்ய வேண்டும்? இதுவும் நம் முடிவுதான்.

பெட்டி இல்லை என்றால் 0 என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய பேசிக் மொழிகள் பலவற்றில் அப்படித்தான். புரோகிராம் நிற்காமல் ஓடும். ஆனால் தொகை 0 என்று காட்டும். அணைக் கணக்கில் மட்டம் 0 ஆகிவிட்டால் எச்சரிக்கையே வராது. ஆகவே ஏலத்தில் நின்றுவிட வேண்டும் என்று வைத்தேன். நிற்பது மட்டும் போதாது, காரணமும் சொல்ல வேண்டும்:

4ஆம் வரி: "தெகை" என்ற பெட்டி இல்லை. இருக்கும் பெட்டிகள்: எடை, விலை, தொகை.

இந்த ஒரு வரியை எழுதும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. புதிதாகக் கற்பவரைத் தடுப்பது இங்கிலீஷ் கட்டளைகள் அல்ல. முப்பத்தைந்து சொற்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். ஆனால் புரோகிராம் தவறும்போது வரும் எர்ரர் மெஸேஜ் முழு இங்கிலீஷ் வாக்கியமாக வருகிறது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வருகிறது. அதைப் படிக்க முடியாதவர் அங்கேயே விட்டுவிட்டு எழுந்துபோகிறார். ஆகவே உங்கள் மொழியில் எதைச் சுருக்கினாலும் எர்ரர் மெஸேஜைச் சுருக்காதீர்கள். எந்த வரி, எந்தச் சொல், என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

பேப்பரில் ஓட்டியதைப் பைத்தானில் எழுதலாம். பைத்தான் இலவசம். நான் எழுதிய இன்டர்பிரிட்டர் அறுபது வரிக்குள் அடங்கிவிட்டது. பைத்தானின் அடிப்படைப் பாடங்களை முடித்தவர் இரண்டு மூன்று விடுமுறை நாட்களில் எழுதிவிடலாம். எந்த வேலைக்கு எதைப் பயன்படுத்துவது என்று மட்டும் சொல்கிறேன்.

வரியைச் சொற்களாகப் பிரிக்க "ஸ்பிளிட்" போதும். இடைவெளி உள்ள இடங்களில் வெட்டித் தரும். பெட்டிகளை வைக்க "டிக்ஷனரி" பொருத்தம். பெயரைச் சொன்னால் மதிப்பைத் தரும். சொல் எண்ணா இல்லையா என்று பார்க்க, "ஃப்ளோட்" மூலம் எண்ணாக மாற்ற முயலுங்கள். மாறினால் எண், மாறாவிட்டால் பெட்டியின் பெயர். எல்லா எழுத்தும் இலக்கமா என்று பார்க்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் 68.5இல் உள்ள புள்ளி மாட்டிக்கொள்ளும். ஃப்ளோட் பயன்படுத்துவதால் விடை 60000.0 என்று புள்ளியோடு வரும், தவறில்லை. இன்னொரு நன்மை, ௫௦ என்று தமிழ் எண்களில் எழுதினாலும் ஃப்ளோட் அதை 50 என்றே புரிந்துகொள்ளும்.

தமிழில் எழுதுவதால் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஃபைலைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். பைத்தானில் அந்த ஃபைலைத் திறக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வரலாம்.

இரண்டாவது, யுனிகோடில் தமிழ் எழுத்துகள் சேமிக்கப்படும் விதம். "விலை" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு நான்கு: வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. பைத்தானிடம் நீளம் கேட்டால் 4 என்றே சொல்லும். "இது எழுத்தா?" என்று கேட்கும் பைத்தான் கட்டளை இந்தத் துணைக்குறிகளை எழுத்து அல்ல என்று சொல்லிவிடும். ஆகவே பெட்டியின் பெயரைச் சோதிக்க அந்தக் கட்டளையை நம்பாதீர்கள். இடைவெளியை வைத்துப் பிரிப்பதால் நமக்கு இந்தத் தொல்லை வராது. இரண்டாவது விதியைக் கட்டாயமாக்கியதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, கொஞ்சம் தந்திரமானது. "தொகை" என்பதில் உள்ள "தொ" எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பைத்தான் இரண்டையும் வேறு வேறு சொற்களாகவே பார்க்கும். கண்முன்னே பெட்டி இருக்கும்போதே "பெட்டி இல்லை" என்று சொல்லும். பைத்தானுடன் வரும் "யுனிகோட்டேட்டா" என்ற மாட்யூலில் "நார்மலைஸ்" என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படித்தவுடன் அதன் வழியாக "என்எஃப்சி" என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இதனால் என்ன லாபம்?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏலம் தெரிந்தவர் என்று யாரும் உங்களுக்கு வேலை தரப் போவதில்லை. வேலைக்குப் பைத்தானோ ஜாவாவோ, கூடவே கொஞ்சம் இங்கிலீஷோ வேண்டும்தான். கேட்டால் புரோகிராமை எழுதியே கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு சாஃப்ட்வேர்கள் வேறு வந்துவிட்டன. பிறகு எதற்கு இந்தச் சிரமம்?

அது எழுதிக் கொடுத்த புரோகிராமில் எச்சரிக்கைகளின் வரிசை மாறியிருந்தால் யார் கண்டுபிடிப்பது? வரிவரியாக ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிப்பார். ஒரு மொழியை உருவாக்கிப் பார்த்தவருக்கு அது பழகிப்போயிருக்கும். அவர் அடுத்து எந்த மொழியைப் படித்தாலும் "இந்த மொழியில் கணக்கு எந்த வரிசையில் நடக்கும்? இல்லாத பெட்டியைக் கேட்டால் என்ன செய்யும்?" என்று சரியான கேள்வியைக் கேட்பார்.

1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். "யாருக்காக?" என்ற கேள்வியில் தொடங்கிய மொழி அது. எழிலும் அப்படித்தான். உங்கள் மொழி யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். தம்பிக்காக, தங்கைக்காக, கடைக் கணக்கு எழுதும் அப்பாவுக்காக என்று எதுவாகவும் இருக்கலாம். மற்ற முடிவுகள் பின்னாலேயே வரும்.

பயிற்சிகள்

1. ஏலத்தில் எண்களை மட்டுமே காட்ட முடிகிறது. "முதல் எச்சரிக்கை" என்று சொற்களைக் காட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது? நடுவில் உள்ள இடைவெளியில் இன்டர்பிரிட்டர் வெட்டிவிடுமே! மேற்கோள் குறி எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறதா?

2. "காட்டு = 5 வை" என்று ஒருவர் எழுதுகிறார். அடுத்த வரியில் "காட்டு காட்டு" என்கிறார். நம் விதிகளின்படி இது ஓடுமா? ஓட விடலாமா, தடுக்க வேண்டுமா? காரணத்தோடு முடிவு செய்யுங்கள்.

3. ஒரு "எனில்" உள்ளே இன்னொரு "எனில்" வந்தால், நிபந்தனை பொய்யாகும்போது எந்த "முடி" வரை தாண்டுவது? குறிப்பு: தாண்டிக்கொண்டே போகும்போது எத்தனை "எனில்" வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

4. "வரை" என்று ஐந்தாவது கட்டளை ஒன்றைச் சேருங்கள். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் வரிகள் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். குறிப்பு: "முடி" வந்ததும் கடந்து போகக் கூடாது, "வரை" இருந்த வரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வரியின் எண்ணை எங்கே குறித்து வைப்பீர்கள்?

நான்காவது பயிற்சியை முடித்துவிட்டீர்கள் என்றால், பெட்டி, நிபந்தனை, திரும்பச் செய்தல் என்ற மூன்றும் உங்கள் மொழியில் வந்துவிட்டன. எந்தப் பெரிய மொழிக்கும் அடித்தளம் இந்த மூன்றும்தான். முதலில் பேப்பரில் ஓட்டுங்கள். பேப்பரில் சரியாக ஓடிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும்.